அமெரிக்கக் கல்லூரித் தெருவில் சைவச் சாப்பாடு: புதிதாக வரும் மாணவர்களுக்கு

ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கும் மாணவருக்கு உடனே சமையலறை அமைந்துவிடுவதில்லை. விமானம் தரையிறங்கும் தேதி ஒன்று, வீட்டு ஒப்பந்தம் தொடங்கும் தேதி வேறொன்று. குக்கர் பெட்டிக்குள் இருக்கும். அதை ஏற்றிவைக்க அடுப்பு இருக்காது. அதுவரை வளாகத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் சின்னக் கடைகளே கதி. வீடு அமைந்த பிறகும் ஆய்வகத்தில் நேரமாகிவிட்ட இரவுகளிலும், வகுப்புத் தோழர்கள் கூப்பிடும் வெள்ளிக்கிழமைகளிலும் அதே தெருவுக்குத்தான் வருவீர்கள். வெறும் உருளை வறுவலையும் சீஸ் பீட்சாவையும் தின்று ஒரு பருவத்தை ஓட்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் சைவமாக, அதுவும் ருசியாகச் சாப்பிட முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

பார்க்க வேண்டியது கறித்துண்டை அல்ல. அது கண்ணுக்குத் தெரியும், பெயர்ப் பலகையிலும் எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தட்டுக்கு வருபவை சாறு, கொழுப்பு, சாஸ் ஆகிய மூன்றும்தான். கோழிச் சாற்றில் வெந்த சோறு, பன்றிக் கொழுப்பில் தாளித்த பயறு, மீன் சாஸ் ஊற்றிய காய்கறி எல்லாம் பார்வைக்குச் சைவம்போலவே இருக்கும்.

முதல் படி: உங்கள் எல்லையை வீட்டிலேயே தீர்மானியுங்கள்

கவுண்டரில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யோசிக்க முடியாது. நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சேர்ப்பீர்களா? கறி இல்லாமல் சாறு மட்டும் சேர்ந்திருந்தால் சம்மதமா? கறி வறுத்த அதே எண்ணெயிலோ கல்லிலோ சமைத்ததைச் சாப்பிடுவீர்களா? சீஸில் இருக்கும் ரென்னெட், மிட்டாய்களில் இருக்கும் ஜெலட்டின் போன்ற விலங்குப் பொருள்களைத் தவிர்க்கிறீர்களா?

இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பேருக்கே பதில்கள் மாறும். ஆனால் உங்கள் பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால் பரிமாறுபவருக்கும் தெரியப்போவதில்லை.

இங்கே வெஜிடேரியன் என்று சொன்னால் முட்டையும் பாலும் உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். மீன் மட்டும் சாப்பிடுவீர்களா என்று அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு, கோபப்பட வேண்டாம். இந்தியாவில் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி பார்த்தே பழகியிருப்போம். அப்படியொரு கட்டாயக் குறி அமெரிக்காவில் கிடையாது. சில கடைகள் பட்டியலில் ஒரு இலைப் படம் போட்டிருக்கும். அதன் பொருள் கடைக்குக் கடை மாறும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. முட்டை வேண்டாம், சாறு வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, வீகன் என்று கேட்டுவிடுங்கள். இந்த ஊர் இளைஞர்களுக்கு அது நன்றாகப் பழகிய சொல். விலங்கிலிருந்து வரும் எதுவும் கூடாது என்று உடனே புரிந்துகொள்வார்கள். அதன்பிறகு, “சீஸ் போடலாம், தயிர் போடலாம்” என்று பாலை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இரண்டாம் படி: போவதற்கு முன் ஒவ்வாமைப் பட்டியலைத் திறங்கள்

பெரும்பாலான பெரிய உணவகச் சங்கிலிகள் தங்கள் இணையதளத்தில் ஒவ்வாமைப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி முதன்மையான ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் மட்டும் 2023 ஜனவரி முதல் சேர்ந்தது. அந்தச் சட்டம் பொட்டலப் பொருள்களுக்கானது என்றாலும் உணவகங்களும் இதே வரிசையைப் பின்பற்றுகின்றன.

வேறொருவருக்காகத் தயாரித்த இந்தப் பட்டியல் நமக்கும் நன்றாக உதவும். ரொட்டியில் முட்டை உண்டா, சாஸில் மீன் உண்டா என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கோழி, மாடு, பன்றி ஆகியவை ஒவ்வாமைப் பட்டியலில் வராது. எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும் ஒரு சூப்பு முழுக்கக் கோழிச் சாறாக இருக்கலாம். ஆகவே முட்டைக்கும் மீனுக்கும் இந்தப் பட்டியல். மற்றவற்றுக்கு அதே தளத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

மெக்டொனால்ட்ஸ் உருளை வறுவல் இதற்குச் சரியான உதாரணம். 1990இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. சைவர்களும் இந்துக்களும் நம்பிச் சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் விற்கும் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சேர்கிறது என்பது பிறகு வெளியே வந்து, 2001இல் வழக்காகி, 2002இல் ஒரு கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சுவைப்பொருள் இன்றும் அமெரிக்கச் சேர்மானப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் வறுவலில் இல்லை. சென்னையில் சாப்பிட்ட பழக்கத்தில் இங்கே வாங்கிவிடாதீர்கள்.

பர்கர் கிங் 2019இல் கொண்டுவந்த இம்பாசிபிள் வாப்பரில் இருப்பது சோயாக் கறிதான். ஆனால் வழக்கமாக அதை மாட்டிறைச்சி வாட்டும் அதே இயந்திரத்தில்தான் வாட்டுகிறார்கள். கேட்டால் தனியாகச் சூடாக்கித் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். மேலே தடவும் மயோனைஸில் முட்டை இருக்கிறது. அது வேண்டாம் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: முதல் வாரத்தைப் புரீட்டோ கடையில் தொடங்குங்கள்

ஊர் புதிது, உச்சரிப்பு புதிது, பட்டியல் புரியவில்லை என்றிருக்கும் நாட்களுக்குச் சோறும் பயறும் காய்கறியும் வைத்துச் சுருட்டிய ரொட்டியான புரீட்டோ விற்கும் சிபோட்லே மாதிரியான மெக்சிகோ பாணிச் சங்கிலிக் கடைகளே நல்லவை. காரணம் எளிது: சமைத்த எல்லாமே கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தட்டுகளில் வரிசையாக இருக்கும். பெயர் தெரியாவிட்டால் விரலைக் காட்டினால் போதும்.

வரிசையில் நகரும்போது நடப்பது இதுதான். முதலில் சோறு: வெள்ளையா பழுப்பா என்பார்கள். பிறகு பயறு: கறுப்பா, பின்ட்டோவா. சிபோட்லேயில் இரண்டுமே சைவம்தான். பின்ட்டோவில் முன்பு பன்றி இறைச்சி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2013இல் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது கறித்தட்டுகள் இருக்கும் இடம். அங்கே நின்று வதக்கிய வெங்காயமும் குடைமிளகாயும் கேளுங்கள், அல்லது சோயாப் பன்னீரான டோஃபுவை உதிர்த்துக் காரமாகச் செய்த சொஃப்ரீட்டாஸ் கேளுங்கள். கறி எதுவும் சேர்க்காமல் காய்கறிக் கிண்ணமாக வாங்கினால் அவகாடோ மசியலுக்குத் தனிக் காசு இல்லை. அமெரிக்காவில் சைவமாக இருப்பதால் லாபம் கிடைக்கும் அபூர்வமான இடம் இது.

சற்றுக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோழிக்கறித் தட்டும் காய்கறித் தட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கூட்டம் அதிகமான மதிய நேரத்தில் ஓரிரு கறித் துணுக்குகள் தவறிக் காய்கறித் தட்டின் ஓரத்தில் விழுந்து கிடக்கும். அதைப் பார்த்தால், உள்ளேயிருந்து புதுத் தட்டு எடுத்துத் தர முடியுமா என்று கேட்கலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். கையுறையை மாற்றச் சொல்வதும் இங்கே சகஜம். ஒவ்வாமைக்காரர்கள் நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரிசையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; பாதிக் கிண்ணம் நிரம்பிய பிறகு சொன்னால் இரு பக்கமும் சங்கடம்.

டாகோ பெல்லும் இதே காலத்துக்கு உதவும். அதன் பயறு மசியலில் பன்றிக் கொழுப்பு இல்லை. 2015இல் அமெரிக்கன் வெஜிடேரியன் அசோசியேஷனிடம் சான்றிதழ் வாங்கிய பண்டங்கள் அங்கே உண்டு. எந்தப் பண்டத்திலும் மாட்டிறைச்சிக்குப் பதில் பயறு என்று கேட்டால் மாற்றித் தருகிறார்கள். பசியோடு நள்ளிரவில் நிற்பவருக்கு அது பெரிய விஷயம். சப்வேயில் காய்கறி ரொட்டி கிடைக்கும்; பசி அடங்கும், மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சங்கிலிக் கடைகளில் செல்லுபடியாகும் நம்பிக்கையைத் தெருமுனை மெக்சிகோ கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். ருசியில் அந்தக் கடைகள் பல படி மேலே. பழைய முறைப்படி சமைப்பவையும் அவைதான். அந்த முறையில் மசித்த பயற்றுக்குப் பன்றிக் கொழுப்பு, சிவப்புச் சோற்றுக்குக் கோழிச் சாறு. ஸ்பானிஷில் பன்றிக் கொழுப்பு மன்டேக்கா, கோழிச் சாறு கால்டோ தெ போயோ. இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேட்டால் நேரடியான பதில் கிடைக்கும். மசிக்காத முழுப் பயற்றைக் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் அது வெறும் உப்புத் தண்ணீரில் வெந்தது.

நான்காம் படி: தெருவில் எந்தக் கடைக்கு முதலில் நுழைவது

எத்தியோப்பியக் கடை இருக்கும் ஊரில் சேர்ந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட நோன்புக் காலங்களிலுமாக ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அதனால் அவர்களுடைய சைவச் சமையல் யாருக்காகவோ மாற்றிச் செய்தது அல்ல. அவர்களே பாதி ஆண்டு சாப்பிடுவது. பட்டியலில் வெஜி காம்போ அல்லது பெயாய்நெட்டு என்று இருக்கும். டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சேரா, ஓரம் இல்லாத ஆப்பத்தைப் போல, தட்டு முழுக்க விரிந்திருக்கும். அதன்மேல் காரமான சிவப்புப் பருப்பு மிசிர் வொட், கடலைமாவுக் குழம்பு ஷீரோ, கீரை, முட்டைக்கோஸும் கேரட்டும் உருளையும் சேர்ந்த பொரியல். கையால்தான் சாப்பிட வேண்டும். நம் நாக்குக்கு இதைவிட ஒத்துப்போகும் அயல்நாட்டுச் சாப்பாடு கிடையாது என்பது என் கட்சி.

அங்கும் ஒரு எச்சரிக்கை. நான்கு பேர் சேர்ந்து போனால் எல்லோருடைய உணவையும் ஒரே பெரிய தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அது அவர்களுடைய விருந்தோம்பல். பக்கத்தில் இருப்பவருடைய ஆட்டுக்கறிக் குழம்பு உங்கள் பருப்பை நோக்கி நகர்ந்து வரும். ஆர்டர் சொல்லும்போதே தனித்தட்டு கேளுங்கள்.

அடுத்த இடம் லெபனான், பாலஸ்தீனக் கடைகளுக்கு. ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் மசியலான பாபா கனூஷ், பருப்பும் சோறும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா, கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபெல் எல்லாம் இயல்பிலேயே சைவம். ஃபலாஃபெல் பொரிக்கும் எண்ணெய் தனியா என்பதையும், பருப்பு சூப்பிலும் மஞ்சள் சோற்றிலும் கோழிச் சாறு உண்டா என்பதையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீட்சாக் கடைகள் பற்றி எல்லோருக்கும் தெரியும். ரென்னெட் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி அது. அமெரிக்கச் சீஸ்களில் பெரும்பாலானவை இப்போது நுண்ணுயிர் வழியாகத் தயாரித்த நொதியால் உறைபவை. 1990இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இத்தாலியிலிருந்து வரும் அசல் பர்மிஜானோ ரெஜானோ சீஸுக்குக் கன்றின் ரென்னெட் கட்டாயம். பீட்சாமேல் தூவும் சீஸ் பொடி வேண்டாம் என்று சொன்னால் பெரும்பகுதி தீர்ந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படிக்கப் போகிறவர்கள் ஷாட்டக் அவென்யூவில் இருக்கும் சீஸ் போர்டு கூட்டுறவுக் கடையைத் தேடிப் போகலாம். தொழிலாளர்களே உரிமையாளர்களான கடை அது. ஒரு நாளுக்கு ஒரே வகைப் பீட்சா, அதுவும் எப்போதும் கறி இல்லாதது. தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத நிம்மதி அங்கே கிடைக்கும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது கிழக்கு ஆசியக் கடைகளில். தாய்லாந்துக் கடையின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு குழம்புக்கும் கீழே கோழி, பன்றி, இறால், டோஃபு என்று ஒரு வரி இருக்கும். டோஃபுவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சைவம் ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த வரி மாற்றுவது கறித்துண்டை மட்டுமே. குழம்புக்கு அரைத்து வைத்த பச்சை, சிவப்பு விழுதில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும்; வாணலியில் மீன் சாஸ் ஊற்றுவார்கள்; காய்கறி வதக்கலில் சிப்பி சாஸ் சேரும். மீன் சாஸை நிறுத்தச் சொல்லலாம். முன்கூட்டியே அரைத்த விழுதிலிருந்து இறாலைப் பிரிக்க யாராலும் முடியாது. எனவே அங்கே குழம்பை விட்டுவிட்டு வதக்கிய உணவுக்குப் போங்கள். “நோ ஃபிஷ் சாஸ், நோ ஆய்ஸ்டர் சாஸ், நோ எக், சோயா சாஸ் ஒன்லி” என்று நான்கு துண்டாகச் சொல்லுங்கள். இலக்கணத்தைவிடத் தெளிவு முக்கியம்.

சீனக் கடைகளில் மாப்போ டோஃபுவிலும் வறட்டிய பீன்ஸிலும் கொத்திய பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். பெயரில் அது வராது. ஆனால் பௌத்தர்களுக்கான புத்தாஸ் டிலைட் என்னும் காய்கறிக் கலவை பல கடைகளில் உண்டு. பௌத்தர்கள் நடத்தும் முழுச் சைவக் கடையாக இருந்தால் வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் கிடைக்கலாம். அவற்றைத் தவிர்க்கும் வீட்டிலிருந்து வருபவர்களுக்கு இது வரப்பிரசாதம். அங்கே பட்டியலில் வாத்து, கோழி என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்.

ஜப்பானியக் கடையின் மிசோ சூப்பில் வழக்கமாக உலர்த்திய மீன் சாறு இருக்கும். வெள்ளரி சுஷியும் அவகாடோ சுஷியும் போதும், சூப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொரியக் கடையில் கிம்ச்சியைச் சைவ ஊறுகாய் என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இல்லாத கிம்ச்சி அபூர்வம். வியட்நாம் கடையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்பைச் சைவம் என்று எழுதியிருந்தாலும் சாறு எதில் காய்ச்சியது என்று கேட்டே தீர வேண்டும்.

காலை உணவுக் கடைகளில் அப்பத்திலும் வாஃபிலிலும் முட்டை உண்டு. துருவிய உருளைக்கிழங்கை வறுக்கும் கல்லில்தான் சற்றுமுன் பேக்கன் என்னும் பன்றி இறைச்சிச் சீவல் வெந்திருக்கும். பேகல் ரொட்டியும் க்ரீம் சீஸும் பாதுகாப்பானவை. முட்டை சேர்த்த பேகல் என்று தனியாக ஒன்று உண்டு, அதை மட்டும் தவிருங்கள். சாலட் என்றாலும் சீசர் வேண்டாம், அதன் சாஸில் நெத்தலி வகை மீன் இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் கீரையையும் பயற்றையும் பன்றித் துண்டு போட்டு வேகவைப்பது பழைய பழக்கம். பக்கக் காய் என்று பட்டியலில் இருப்பதை நம்பி வாங்கக் கூடாது.

ஐந்தாம் படி: கேட்கும் முறை

“இது வெஜிடேரியனா?” என்று கேட்டால், ஆம் என்றே பதில் வரும். கேட்டவரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதற்குப் பதிலாகப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சோறு எதில் வெந்தது? சூப்புக்குக் கோழிச் சாறா, காய்கறிச் சாறா? பொரிக்கும் எண்ணெய் கறிக்கும் இதற்கும் ஒன்றேதானா? இப்படிக் கேட்டால் பரிமாறுபவர் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் விசாரித்துவிட்டு வருவார். தெரியவில்லை என்று சொல்பவரை நம்பலாம். யோசிக்காமல் தலையாட்டுபவரிடம் மறுபடியும் கேட்க வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்கு இதையெல்லாம் விசாரிக்கப் போகாதீர்கள். மூன்று மணிக்குப் போனால் கடைக்காரரே உட்கார்ந்து பேசுவார்.

தவறான தட்டு வந்தால் அமைதியாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். கறித்துண்டை எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவருவார்கள் என்ற அச்சம் இருந்தால், புதிதாகச் செய்து தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலில் இருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. உட்கார வைத்துப் பரிமாறும் கடையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது ஏறக்குறையக் கட்டாயம். பரிமாறுபவர் வருமானமே அதில்தான். நீங்களே கவுண்டரில் நின்று வாங்கும் கடையில் திரை உங்களை நோக்கித் திரும்பி 20 சதவீதம் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்தலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் இலவசம், கேட்டு வாங்குங்கள். அளவு பெரிதாக இருக்கும், மிச்சத்துக்குப் பெட்டி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

இலவசச் சாப்பாடும் கோயில் சாப்பாடும்

துறைக் கூட்டங்களில் கிடைக்கும் இலவசப் பீட்சாவை நம்பிப் பலரும் மாதச் செலவைச் சமாளிக்கிறார்கள். அங்கே சைவப் பெட்டிகள் குறைவாகத்தான் வரும், முதலில் காலியாவதும் அவைதான், ஏனென்றால் கறி சாப்பிடுபவர்களும் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பதிவுப் படிவத்தில் உணவு விருப்பம் என்று ஒரு கட்டம் இருந்தால் நிரப்புங்கள். ஆர்டர் கொடுப்பவர் அதை எண்ணித்தான் வாங்குகிறார். இனிப்பாக வைக்கும் அரிசிப்பொரிச் சதுரங்களை ஒட்டவைத்திருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு.

சில ஊர்களுக்குச் சொந்தமாகவே ஏற்பாடுகள் இருக்கின்றன. கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இஸ்கான் அமைப்பினர் 1971 முதல் வளாகத்துக்குள்ளேயே கிருஷ்ணா லஞ்ச் என்று சைவ மதியச் சாப்பாடு பரிமாறி வருகிறார்கள். இந்தியர்களைவிட அமெரிக்க மாணவர்கள்தான் வரிசையில் அதிகம். பிட்ஸ்பர்க்கில் சேர்பவர்களுக்குப் புறநகரான பென் ஹில்ஸில் 1970களில் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. புளியோதரையும் தயிர்சாதமும் அங்கே கிடைக்கும். நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரி மாணவர்களுக்கு ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளக் கேன்டீனில் தோசையே கிடைக்கிறது. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்பதைச் சைவக் கடைகளைக் காட்டும் ஹேப்பிகவ் செயலியில் தேடுங்கள், பிறகு ஊர்த் தமிழ் மாணவர் குழுவில் விசாரியுங்கள். இரண்டாவது வழியில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் புதியதாக இருக்கும்.

இந்தியக் கடையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். வளாகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வடஇந்திய பஃபே. நானில் சில கடைகளில் முட்டை சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். பஃபேயில் கறிக் கரண்டியைக் காய்கறிப் பாத்திரத்தில் யாராவது போட்டுவிடுவதும் நடக்கும். கடை திறந்த உடனே போனால் அந்தத் தொல்லை இல்லை.

நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையும் டிசம்பர் பின்பாதியும் முதல் ஆண்டில் பலரைப் பட்டினி போடும் நாட்கள். மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் வளாகத் தெருவில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், சில ஊர்களில் பஸ்ஸும் ஓடாது. சீனக் கடைகளும் இந்தியக் கடைகளும் அன்றைக்குத் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் முந்தின செவ்வாய்க்கிழமையே தொலைபேசியில் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டில் ஐந்து பவுண்டு அரிசியும் ஒரு பொட்டலம் துவரம்பருப்பும் வாங்கி வைத்துவிடுங்கள்.